100 படியிலிருந்து பைத்தான் வரை: புரோகிராம் எழுதும் கால்குலேட்டர்கள் (பழசு வாங்குவோர், பழுது பார்ப்போர் இழை)

லோரோங்_கூலிட் எழுதியது:

பினாங்கு லோரோங் கூலிட் சந்தையிலும் பிஜே அம்கோர்ப் மால் வார இறுதிக் கடைகளிலும் பழைய புரோகிராம் கால்குலேட்டர்கள் அவ்வப்போது தலைகாட்டுகின்றன. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) நிறுவனத்தின் டிஐ-83 பிளஸ், கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜி, ஹியூலெட்-பேக்கர்ட் (எச்பி) நிறுவனத்தின் மடக்கித் திறக்கும் எச்பி-28, அதிர்ஷ்டம் இருந்தால் சிவப்பு எண்கள் ஒளிரும் எச்பி-25. விற்பவருக்குப் பெரும்பாலும் அது என்ன பொருள் என்று தெரிவதில்லை. வாங்குபவருக்கும் தெரியாமல் போனால் நல்ல இயந்திரம் குப்பைக்குப் போய்விடும்.

இரண்டு விஷயம் பேசலாம். இந்த வரிசையில் எந்த மாடல் உண்மையில் எதை மாற்றியது? கையில் எடுத்ததும் எதைப் பார்த்து வாங்குவது? என் கட்சி இதுதான்: பெரிய திருப்பம் வரைபடம் காட்டும் திரை. 1985-இல் கேசியோ எஃப்எக்ஸ்-7000ஜி வந்ததும் கால்குலேட்டர் வேறு பொருளாகிவிட்டது. மறுப்பவர்கள் விவரத்தோடு வாருங்கள்.


ஆர்பிஎன்_பிரியன் எழுதியது:

மறுக்கிறேன். திரை கண்ணுக்குத் தெரியும் மாற்றம், அவ்வளவுதான். ஒரு புரோகிராமபிள் கால்குலேட்டரை எடைபோட மூன்று கேள்வி போதும்: புரோகிராம் எப்படி உள்ளே போகிறது, மின்சாரம் போனால் தங்குகிறதா, எப்படி வெளியே வருகிறது. 1974 முதல் இன்றுவரை நடந்த எல்லா மாற்றத்தையும் இந்த மூன்றில் அடக்கலாம்.

1974-இல் எச்பி-65. கையடக்கத்தில் காந்த அட்டை படித்த முதல் இயந்திரம். 100 படி நினைவகம் (ஒரு படி என்பது ஒரு கட்டளை). அட்டையை ஒரு பக்கம் செருகினால் மோட்டார் இழுத்து மறுபக்கம் தள்ளும், புரோகிராம் ஏறிவிடும். அணைத்தால் நினைவகம் காலி, ஆனால் அட்டை இருக்கிறது. மூன்று கேள்விக்கும் முதல் நாளிலேயே பதில் இருந்தது. விலைதான் எட்டாத உயரம்.

1975-இல் எச்பி-25. விலையைக் குறைக்க அட்டைப் பகுதியை எடுத்துவிட்டார்கள். 49 படி. அணைத்தால் எல்லாம் போச்சு. மறுபடி போட்டு புரோகிராம் முறைக்குப் போய் எஸ்எஸ்டி (ஒவ்வொரு படியாக முன்னே நகர்த்தும்) விசையைத் தட்டிக்கொண்டே போனால் 49 படியிலும் "13 00" என்றே வரும், அதாவது "00-க்குப் போ". இந்த எண்கள் விசையின் வரிசையும் நெடுக்கையும். 13 என்றால் முதல் வரிசை, மூன்றாவது விசை. எண் விசைகளுக்கு மட்டும் விதிவிலக்கு, 7 என்றால் 07.

எச்பி-யில் எண்களை முதலில் கொடுத்து, செயலைப் பிறகு தட்ட வேண்டும், இதுதான் ஆர்பிஎன் முறை. ஆரத்தைக் கொடுத்து வட்டப் பரப்பு காண்பது இப்படி இருக்கும்: 31 (என்டர், எண்ணைப் பிரதி எடுத்து வைக்கும்), 61 (பெருக்கல்), 15 73 (பை), 61 (பெருக்கல்). நான்கே படி. ஐந்தாவதாக "00-க்குப் போ" எழுதத் தேவையில்லை, காலி நினைவகத்தில் அதுதான் ஏற்கெனவே நிற்கிறது. 15 73 என்பது இரண்டு விசை, ஆனால் ஒரே படி. முன்விசையையும் அடுத்த விசையையும் சேர்த்து ஒரு படியாக வைக்கும் இந்த ஏற்பாட்டால்தான் 49 படிக்குள் இவ்வளவு அடங்கியது.

1976-இல் வந்த 25சி-யில் சிமாஸ் என்ற, மிகக் குறைந்த மின்சாரத்தில் தாங்கும் நினைவகம். அணைத்தாலும் புரோகிராம் தங்கும். பின்னால் வந்த எந்தத் திரையையும்விட இந்த மாற்றம் பெரிது என்பேன். அன்றாட வேலைக்கு ஒரு புரோகிராமைப் போட்டு வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை அதற்குப் பிறகுதான் வந்தது.

டிஐ பக்கம் 1977-இல் டிஐ-59. மொத்த நினைவகத்தைப் படிகளுக்கும் பதிவேடுகளுக்கும் (எண்ணைச் சேமிக்கும் இடங்கள்) நாமே பங்கு பிரிக்கலாம். 8 படி கொடுத்தால் 1 பதிவேடு. போட்டவுடன் 480 படி, 60 பதிவேடு. 10 என்று தட்டி, பங்கு மாற்றும் கட்டளையான ஓபி 17 கொடுத்தால் திரையில் 159.99 வரும், அதாவது 0 முதல் 159 வரை படி, 0 முதல் 99 வரை பதிவேடு. 0 கொடுத்து ஓபி 17 போட்டால் 960 படியும் புரோகிராமுக்கே. புரோகிராம் எழுதி முடித்தபின் பங்கை மாற்றினால் கடைசிப் படிகள் பதிவேடாகிவிடும், அதில் ஒரு எண்ணைச் சேமித்தால் புரோகிராமின் வால் அழியும். ஆகவே பங்கீடு முதலில், எழுதுவது பிறகு. அணைத்தால் தங்காத குறை டிஐ-59-க்கும் உண்டு, ஆனால் அட்டை இருந்தது. 1979-இல் அட்டை இல்லாத டிஐ-58சி தங்கும் நினைவகத்தோடு வந்தது.


அளவையர்41 எழுதியது:

ஆர்பிஎன்_பிரியன் அண்ணா சொல்வதற்கு நில அளவை நல்ல சாட்சி. எச்பி-25-இல் மூடிய டிராவர்ஸ் (நிலத்தைச் சுற்றி வந்து தொடங்கிய இடத்திலேயே முடியும் கோடுகளின் தொடர்) கணக்கு எப்படிப் போகும் என்று காட்டுகிறேன்.

ஒரு கோட்டின் திசைக்கோணம் 60 டிகிரி, நீளம் 100 மீட்டர். 60 என்டர் 100, பிறகு செவ்வக மாற்ற விசை. எக்ஸ் பதிவேட்டில் 50 வரும், இது லாத்தித் (வடக்குத் தூரம்). எக்ஸ்-ஒய் மாற்றினால் 86.603, இது டிபாட் (கிழக்குத் தூரம்). கோணத்தை வடக்கிலிருந்து வலஞ்சுழியாகக் கொடுப்பதால் எக்ஸ் வடக்காகவும் ஒய் கிழக்காகவும் தானே அமைந்துவிடுகிறது.

இப்போது முக்கியமான இடம். அதே நிலையில் சிக்மா-கூட்டல் விசையை ஒருமுறை தட்டினால் எக்ஸும் ஒய்யும் ஒரே நேரத்தில் கூட்டுத்தொகையில் சேர்கின்றன. எக்ஸ் கூட்டு 7-ஆம் பதிவேட்டில், ஒய் கூட்டு 4-இல். புள்ளியியலுக்கு வைத்த விசை, அளவையருக்கு டிராவர்ஸ் விசை. ஆகவே முழு புரோகிராமும் இரண்டே படி: செவ்வக மாற்றம், சிக்மா-கூட்டல். முதலில் பதிவேடுகளை அழித்துவிட்டு, ஒவ்வொரு கோட்டுக்கும் கோணம், என்டர், நீளம், ஓடு. திரையில் எத்தனையாவது கோடு என்ற எண் வரும். எல்லாக் கோடும் முடிந்ததும் 4-ஐ மீட்டு, 7-ஐ மீட்டு, துருவ மாற்றம். எக்ஸ்-இல் நிற்பது மூடல் பிழையின் (தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் உள்ள வித்தியாசம்) நீளம், ஒய்-இல் அதன் திசை. திசை எதிர்மறையாக வந்தால் 360 கூட்டிக்கொள்ள வேண்டும்.

டிகிரி-நிமிடம்-விநாடியில் கொடுப்பதாக இருந்தால் 45°30′15″-ஐ 45.3015 என்று தட்டி, புரோகிராமின் தொடக்கத்தில் எக்ஸ்-ஒய் மாற்று, தசம மாற்றம், எக்ஸ்-ஒய் மாற்று என்று மூன்று படி கூட்டினால் போதும். இதை மறந்தால் பிழை செய்தி எதுவும் வராது, விடை மட்டும் சற்றே தப்பாக வரும். அதனால்தான் இது ஆபத்தான தவறு.

மலேசியாவில் அளவைக் குழுக்களின் கையில் பின்னாளில் அதிகம் புழங்கியது கேசியோ எஃப்எக்ஸ்-5800பி. 2006-இல் வந்தது, 28,500 பைட், ஒரே ஒரு ட்ரிபிள்-ஏ பேட்டரி. வரைபடம் போடாது. அதில் செவ்வக மாற்றம் செய்யும் ரெக் சார்புக்கு நீளத்தையும் கோணத்தையும் கொடுத்தால் விடை தானாக ஐ, ஜே என்ற மாறிகளில் விழும். பலர் சிக்குவது இங்கேதான்: கோட்டு எண்ணிக்கைக்கு ஐ-யை வைத்திருப்பார்கள், ரெக் ஓடியதும் ஐ-யில் 50 வந்து உட்கார்ந்துவிடும், சுழற்சி பாதியில் முடிந்துவிடும். எண்ணிக்கைக்கு வேறு எழுத்து வையுங்கள். அடுத்த சிக்கல் கோண முறை. கிரேடியன் என்ற வேறு கோண அலகில் விட்டிருந்தால் எல்லாம் ஓடும், எதுவும் சரியாக இருக்காது. புரோகிராமின் முதல் வரியிலேயே டிகிரி முறையைப் போட்டுவிடுங்கள்.

அதன் பெரிய குறை, கணினியோடு பேசாது. ஒரு 5800பி-யிலிருந்து இன்னொரு 5800பி-க்குக் கேபிள் வழியே அனுப்பலாம், அதோடு சரி. ஒரு அலுவலகத்தில் ஒரே ஒரு கருவியில் எல்லாப் புரோகிராமும் இருந்து அது தொலைந்தால், தாளில் எழுதி வைத்தது மட்டுமே மிச்சம்.


லோரோங்_கூலிட் எழுதியது:

இரண்டு படியில் டிராவர்ஸ், அருமை அண்ணா. ஆனாலும் 7000ஜி-க்காக வாதாடுகிறேன். 96-க்கு 64 புள்ளித் திரை, எழுத்தாக வைத்தால் 16 எழுத்து, 8 வரி. சார்பைத் தட்டினால் கோடு, அதில் புள்ளியை நகர்த்திப் பார்க்கும் வசதி. சமன்பாட்டின் மூலம் (தீர்வு) எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு தீர்வைப் படிப்படியாக நெருங்கும் நியூட்டன் முறைக்குத் தொடக்க மதிப்பு கொடுக்கலாம். முந்தைய கருவிகளில் குருட்டுத்தனமாகத்தான் தொடங்க வேண்டும். எச்பி-25-இல் தவறான தொடக்க மதிப்பு கொடுத்தால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும்.

நினைவகம் 422 பைட்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சைன், கோசைன் போன்ற ஒவ்வொரு கட்டளையும் ஒரே பைட்டில் அடங்கும். பி0 முதல் பி9 வரை பத்து இடத்துக்கு அந்த 422-ஐப் பகிர்ந்துகொள்ளலாம். 26 மாறி போதாவிட்டால் புரோகிராம் இடத்திலிருந்து 8 பைட் கொடுத்து இன்னொரு மாறி வாங்கிக்கொள்ளலாம்.


ஆர்பிஎன்_பிரியன் எழுதியது:

வரைபடம் பயன்தான், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 7000ஜி-யில் வெளியே போகும் வழி எங்கே? கேபிள் செருகத் துளை கிடையாது. மூன்று சிஆர்2032 தீர்ந்தால் 422 பைட்டையும் மறுபடி விரலால் தட்ட வேண்டும்.

இதே கேள்வியை எச்பி-28-இடம் கேட்டுப் பாருங்கள். 1987-இல் 28சி. கையடக்கத்தில் இயற்கணிதத்தை எழுத்தாகவே கையாண்ட முதல் கருவி, எக்ஸ்-ஐ எண்ணாக்காமல் எக்ஸாகவே வகையிட்டது. 1988-இல் 28எஸ், 32 கிலோபைட். அவ்வளவு இடம் கொடுத்தும் அகச்சிவப்பு ஒருவழிப் பாதை, பிரிண்டருக்குப் போகும், உள்ளே எதுவும் வராது. 32 கிலோபைட்டை விசைப்பலகையில் தட்டி நிரப்புவது யாரால் முடியும்? அறிவுமிக்க கருவி, வாசல் இல்லாத வீடு. மூடியிலும் குறை உண்டு: மூன்று என்-வகை பேட்டரியின் வில் அழுத்தம் மூடியின் கொக்கியை வருடக்கணக்கில் தள்ளித் தள்ளி உடைத்துவிடும். சந்தையில் எடுத்தால் முதலில் அந்த மூடியைப் பாருங்கள்.

1990-இல் எச்பி-48எஸ்எக்ஸ் இந்தக் கதவைத் திறந்தது. நான்கு முள் தொடர்வழி இணைப்பு, 9600 வேகத்தில் கெர்மிட் என்ற கோப்பு அனுப்பும் நெறிமுறை, இருவழி அகச்சிவப்பு, இரண்டு அட்டைத் துளை. 1993-இல் 48ஜிஎக்ஸ், 128 கிலோபைட். கணினியில் எழுதி, அனுப்பி, பிழை கண்டு, திருத்தி, மறுபடி அனுப்பும் வேலைமுறை எச்பி வரிசையில் இங்கேதான் இயல்பானது.

48-க்குக் கோப்பு அனுப்புவோர் அடிக்கடி கேட்கும் சந்தேகம்: அனுப்பியது புரோகிராமாக வராமல் "எச்பிஎச்பி48-" என்று தொடங்கும் நீண்ட எழுத்துச் சரமாக வந்து நிற்கும். கோப்பு கெடவில்லை. ஒரு பக்கம் பைனரியிலும் மறுபக்கம் எழுத்து முறையிலும் இருந்திருக்கிறது. கால்குலேட்டரில் மைனஸ் 35-ஆம் கொடியை (ஆன்/ஆஃப் அமைப்பு) ஏற்றிவிட்டு, கணினியிலும் பைனரி என்று வைத்து மறுபடி அனுப்பினால் சரியாகிவிடும். எதுவுமே போகவில்லை என்றால் மைனஸ் 33-ஐப் பாருங்கள். அது ஏறியிருந்தால் கருவி கம்பியை விட்டுவிட்டு அகச்சிவப்பில் பேசிக்கொண்டிருக்கும்.


இரண்டுகம்பி எழுதியது:

டிஐ பக்கத்தை யாரும் தொடவில்லையே.

1990-இல் டிஐ-81. இசட்80 சிப், 96-க்கு 64 திரை, புரோகிராமுக்கு 2,400 பைட். துளை இல்லை. 1992-இல் டிஐ-85 வந்தபோது அடியில் 2.5 மில்லிமீட்டர் ஜாக் வந்தது. பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை அந்தச் சின்ன ஓட்டைதான்.

அது எப்படிப் பேசுகிறது என்பது தெரிந்தால் பாதிப் பழுது தீர்ந்துவிடும். தரை போக இரண்டு கம்பி, சிவப்பும் வெள்ளையும். சும்மா இருக்கும்போது இரண்டும் உயர் மின்னழுத்தத்தில் நிற்கும். 0 அனுப்ப வேண்டுமா, அனுப்புபவர் சிவப்பைத் தரைக்கு இழுக்கிறார். பெறுபவர் அதைக் கண்டு வெள்ளையை இழுக்கிறார், "கிடைத்தது" என்று பொருள். அனுப்புபவர் சிவப்பை விடுகிறார், பெறுபவர் வெள்ளையை விடுகிறார். ஒரு பிட் முடிந்தது. 1 அனுப்ப இதே வரிசை, கம்பிகள் மட்டும் இடம் மாறும். ஒவ்வொரு பைட்டிலும் சிறிய பிட் முதலில்.

இதில் கடிகாரமே இல்லை. ஒவ்வொரு பிட்டுக்கும் மறுமுனை பதில் சொன்ன பிறகுதான் அடுத்தது. அதனால் மெதுவான கருவியும் வேகமான கணினியும் தடையின்றிப் பேசும். ஆனால் ஒரு கம்பி சரியாகத் தொடாவிட்டால் முதல் பிட்டிலேயே நின்றுவிடும். அனுப்பும்போது பிழை வந்தால் முதலில் பிளக்கை இரு முனையிலும் அழுத்திச் செருகுங்கள், அரைகுறையாக நிற்பது வெளியே தெரியாது. அடுத்து வரிசை: பெறும் கருவியை முதலில் காத்திருப்பு நிலையில் வைத்துவிட்டு, பிறகு அனுப்பும் கருவியில் அனுப்பு என்று கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் பிழைதான்.

இந்தத் துளை வழியேதான் 1994-இல் இசட்ஷெல் என்ற ஆர்வலர்களின் மென்பொருள் வந்தது. டிஐ-85-இல் அசெம்பிளி (சிப்போடு நேரடியாகப் பேசும் மொழி) ஓட்ட டிஐ எந்த வழியும் கொடுக்கவில்லை. ஆனால் முழு நினைவகத்தையும் கணினிக்குப் பிரதி எடுத்து மறுபடி ஏற்றும் வசதி இருந்தது. ஆர்வலர்கள் அந்தப் பிரதிக் கோப்புக்குள் கஸ்டம் மெனு சுட்டும் முகவரியை மாற்றி எழுதி, மெனுவைத் தட்டினால் தங்கள் குறிமுறை ஓடும்படி செய்தார்கள். உள்ளேயே இருந்த பேசிக் மொழியில் நத்தை வேகத்தில் போன விளையாட்டுகள் திடீரெனப் பறந்தன. டிஐ அடுத்து எடுத்த முடிவு எனக்கு மிகவும் பிடித்தது. 1996-இன் டிஐ-83-இல் அசெம்பிளி ஓட்டும் கட்டளையை உள்ளேயே வைத்தது, 1999-இன் 83 பிளஸில் அதை வெளிப்படையாகக் கட்டளைப் பட்டியலிலேயே சேர்த்தது. மின்சாரம் இல்லாமலும் தங்கும் ஃபிளாஷ் நினைவகமும் வந்தது, ஓஎஸ்ஸையே (இயக்க மென்பொருள்) புதுப்பிக்கலாம்.

பிறகு கதவு மெல்ல மூடத் தொடங்கியது. 83 பிளஸ் ஓஎஸ்ஸுக்குக் கையொப்பமிட்ட 512 பிட் ஆர்எஸ்ஏ மறைகுறிச் சாவியை 2009-இல் ஓர் ஆர்வலர் வீட்டுக் கணினியிலேயே காரணிப்படுத்தி உடைத்துவிட்டார். டிஐ வழக்கறிஞர் கடிதம் அனுப்பியது, இணைய உரிமைகளுக்கான ஈஎஃப்எஃப் அமைப்பு ஆர்வலர்கள் பக்கம் நின்றது. அந்தச் சாவியால் 83 பிளஸில் சொந்த ஓஎஸ் ஏற்ற முடிகிறது. 2020-இல் டிஐ-84 பிளஸ் சிஇ வரிசைக்கு வந்த ஓஎஸ் புதுப்பிப்போ அசெம்பிளி வசதியையே எடுத்துவிட்டது. காரணம் தேர்வுப் பாதுகாப்பு.


டீச்சர்_பிரிக்பீல்ட்ஸ் எழுதியது:

கடைசி வரியில்தான் கதை இருக்கிறது. உள்ளே, வெளியே, தங்குமா என்று மூன்று கேள்வி கேட்கிறீர்கள். 1990-க்குப் பிறகு அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுதியவர் தேர்வு வாரியம்.

டிஐ-92-ஐப் பாருங்கள். 1995, மோட்டரோலா 68000 சிப், 240-க்கு 128 திரை, டெரைவ் என்ற கணித மென்பொருளிலிருந்து வந்த இயற்கணிதம். ஆனால் தட்டச்சுப் பலகை போன்ற விசைகள் இருந்ததால் அமெரிக்கத் தேர்வுகளில் அனுமதி இல்லை. 1998-இல் ஏறக்குறைய அதே மூளையைச் சாதாரண விசைப்பலகைக்குள் போட்டு டிஐ-89 என்று கொண்டுவந்தார்கள். பொறியியல் காரணம் எதுவும் இல்லை, தேர்வறை விதி மட்டுமே. 1995-இல் அமெரிக்காவின் ஏபி கால்குலஸ் தேர்வு கிராஃபிங் (வரைபடம் போடும்) கால்குலேட்டரைக் கட்டாயமாக்கியது. அமெரிக்கப் பள்ளிகளில் ஒரே குடும்பக் கருவிகள் இருபது முப்பது வருடம் நிலைத்ததற்கு வேரே அங்கேதான்.

இங்கே மலேசியாவில் எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) கணிதத்துக்குப் புரோகிராம் செய்ய முடியாத சயின்டிஃபிக் கால்குலேட்டர்தான். கேம்பிரிட்ஜ் ஏ-லெவல் கணிதத்திலும் கிராஃபிங் கூடாது. ஐபி (சர்வதேசப் பாடத்திட்டம்) படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் கிராஃபிங் கட்டாயம், அதிலும் இயற்கணிதம் செய்யும் மாடல் கூடாது. அதனால் பெற்றோருக்கு என் வேண்டுகோள்: முதலில் பள்ளியிடம் மாடல் பட்டியலைக் கேளுங்கள், பிறகு லோ யாட் கடைகளுக்கோ ஆன்லைனுக்கோ போங்கள். எஸ்பிஎம் பிள்ளைக்குச் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறதென்று 83 பிளஸ் வாங்கிக் கொடுத்துத் தேர்வறைக்கு அனுப்பிவிடாதீர்கள்.

ஐபி பிள்ளைகளுக்குக் கருவியின் தேர்வு முறை (தேர்வறைக்கான கட்டுப்பாட்டு நிலை) தெரிந்திருக்க வேண்டும். டிஐ-84 பிளஸ் சிஇ-யை அணைத்துவிட்டு, இட அம்பு, வல அம்பு, ஆன் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பிடித்தால் அமைப்புப் பக்கம் வரும். உறுதி செய்ததும் மேல் விளிம்பில் விளக்கு சிமிட்டும், கண்காணிப்பாளர் பார்ப்பது அதைத்தான். வெளியே வர இன்னொரு கருவியோடோ கணினியோடோ இணைக்க வேண்டும். கேசியோ எஃப்எக்ஸ்-சிஜி50-இல் காஸ், 7, ஏசி மூன்றும் சேர்த்து. 12 மணி நேரத்தில் தானாக நீங்கிவிடும், அவசரமென்றால் கணினி இணைப்பு. தேர்வுக்கு முதல் நாள் எல்லாப் புரோகிராமையும் கணினியில் பிரதி எடுத்துவிடுங்கள்.


புதியவன்_செலாயாங் எழுதியது:

டீச்சர், அண்ணன்மார்களே, ஒரு கேள்வி. தேர்வுக்கு இல்லை, புரோகிராம் எழுதப் பழக மட்டும். பழைய 83 பிளஸ் நல்லதா, புதிய பைத்தான் மாடல் நல்லதா? சந்தையில் பார்ப்பதில் பாதிக்குத் திரையில் கோடு கோடாக விடுபட்டிருக்கிறது, அதைச் சரி செய்ய முடியுமா?


சோல்டர்_புடு எழுதியது:

தம்பி, பழுது பக்கம் நான் சொல்கிறேன்.

சந்தைக்குப் போகும்போது நான்கு புது ட்ரிபிள்-ஏ பேட்டரி எடுத்துப் போங்கள். 83 பிளஸில் போட்டு ஆன் அழுத்தி ஒன்றும் தெரியாவிட்டால் உடனே கீழே வைக்காதீர்கள். செகண்ட் விசையைத் தட்டி, மேல் அம்பை அழுத்திப் பிடியுங்கள். திரையின் கருமை 0-க்கு இறங்கியிருந்தால் உயிருள்ள கருவியும் செத்தது போலத்தான் தெரியும்.

பேட்டரிக் குழியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அல்கலைன் கசிவு. அது காரம், ஆகவே வினிகரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடையுங்கள், நுரைத்து அடங்கியதும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் இன்னொரு முறை. வினிகரை அப்படியே விட்டால் அதுவே செம்பைத் தின்னும். பழைய ஜிங்க்-கார்பன் செல் கசிந்திருந்தால் அது அமிலப் பக்கம், அதற்குச் சமையல் சோடாக் கரைசல். வில் கருப்பாகிவிட்டதென்றால் அதிலிருந்து போகும் கம்பியின் தோலுக்குள்ளும் கசிவு ஏறியிருக்கும், கம்பியையும் மாற்றிவிடுங்கள்.

இனி கோடு விடுபட்ட திரை. எல்சிடி கண்ணாடிக்கும் டிரைவர் போர்டுக்கும் இடையே சூட்டில் ஒட்டிய மெல்லிய ரிப்பன் இருக்கிறது. வருடங்கள் போகப் போக அந்த ஒட்டு விடும். சோதனை எளிது: திரையின் விளிம்பை விரலால் லேசாக அழுத்துங்கள். கோடு வந்து வந்து போனால் ரிப்பன், சரி செய்யலாம். எதுவும் அசையாவிட்டாலோ கருப்பு மை பரவியது போல இருந்தாலோ கண்ணாடி உடைந்துவிட்டது, விட்டுவிடுங்கள்.

சரி செய்ய டி6 டார்க்ஸ் திருப்புளி வேண்டும். ஜாலான் பாசாரில் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும், வெப்பம் மாற்றக்கூடிய சோல்டரிங் கோலும் அங்கேயே. பேட்டரி, பேக்கப் காசு செல் இரண்டையும் எடுத்துவிட்டுத் திறங்கள். ரிப்பன் ஒட்டியிருக்கும் விளிம்பின்மேல் வெப்பம் தாங்கும் கேப்டன் டேப் ஒட்டி, கோலை 150 டிகிரி வாக்கில் வைத்து, தட்டையான முனையால் மெல்ல அழுத்தியபடி ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நகர்த்துங்கள். ஒரே இடத்தில் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் நிற்கக் கூடாது. சோல்டர் உருகும் வெப்பத்தில் வைத்தால் ரிப்பன் சுருங்கி, கார்பன் கோடுகள் இடம் மாறிவிடும். அதன்பின் எதுவும் செய்ய முடியாது. ஒட்டியதும் மேலே மெல்லிய ரப்பர் பட்டை வைத்து மூடினால் மூடியின் அழுத்தம் ரிப்பனைப் பிடித்துக்கொள்ளும்.

நம் ஊர் ஈரப்பதத்துக்கே உரிய நோய் இன்னொன்று. திரை முழுக்க மங்கி, திறந்தால் புளித்த வாடை வரும். போலரைசர் (ஒளியை வடிகட்டும்) படலத்தின் அசிட்டேட் சிதைகிறது. கண்ணாடி நன்றாகவே இருக்கும். மேல் படலத்தைப் பிளேடால் உரித்து, பசையை ஆல்கஹாலில் துடைத்து, புதிய போலரைசர் தாளை வெட்டி ஒட்டலாம். ஒட்டும் முன் திரையை இயக்கி வைத்துக்கொண்டு தாளைத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் எழுத்து கருப்பு, 90 டிகிரி திருப்பினால் எல்லாம் தலைகீழ். கோணத்தைக் குறித்த பிறகே வெட்ட வேண்டும்.

எச்பி-25 கிடைத்தால் ஒரே ஒரு எச்சரிக்கை, ஆனால் மீறினால் கருவியின் உயிரே போகும். நல்ல பேட்டரி உள்ளே இல்லாமல் சார்ஜரைச் செருகாதீர்கள். அந்தச் சார்ஜரின் மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதே பேட்டரிதான். அது இல்லாவிட்டால் மிகை மின்னழுத்தம் நேரே சிப்புகளுக்குப் போய் எரித்துவிடும், மாற்றுச் சிப்பு கிடையாது. விற்பவர் "ஓடுகிறதா பார்ப்போம்" என்று சார்ஜரைக் கையில் எடுத்தால் தடுங்கள். இரண்டு ரீசார்ஜபிள் டபுள்-ஏ போட்டுச் சோதித்தால் போதும்.

அட்டை படிக்கும் எச்பி-65, 67 இரண்டிலும் உருளையின் ரப்பர் தார் போல இளகியிருக்கும். அந்த நிலையில் அட்டையைச் செருகினால் அட்டை பாழ், இயந்திரமும் சிக்கும். பழைய ரப்பரைச் சுத்தமாகச் சுரண்டி எடுத்து, அளவான சிலிகான் குழாயை வெட்டி மாட்டிய பிறகே அட்டை.


ஆர்பிஎன்_பிரியன் எழுதியது:

சோல்டர்_புடு சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பழைய எச்பி-யின் வயது வரிசை எண்ணிலேயே இருக்கிறது. முதல் இரண்டு இலக்கத்தோடு 1960-ஐக் கூட்டினால் வருடம், அடுத்த இரண்டு வாரம், பிறகு நாட்டின் எழுத்து. 1612 என்று தொடங்கி எஸ் வந்தால் 1976, 12-ஆம் வாரம், சிங்கப்பூர். பினாங்கில் எச்பி 1972 முதலே பாயான் லெப்பாசில் இருந்தது, அதனால் இந்தப் பக்கத்து வீடுகளில் எச்பி கருவிகள் கிடப்பதில் வியப்பில்லை.

புதியவனுக்கு: ஆர்பிஎன் பழக ஒரு சல்லி செலவு செய்ய வேண்டாம். ஃப்ரீ42 என்ற செயலி போனில் இலவசம், எச்பி-42எஸ் போலவே ஓடும். கையில் உண்மையான விசை வேண்டுமென்றால் சுவிஸ்மைக்ரோஸ் 2017-இல் கொண்டுவந்த டிஎம்42 அதே ஃப்ரீ42-ஐ ஓட்டுகிறது, யூஎஸ்பியில் கோப்பு போகும் வரும். எச்பி 50ஜி கிடைத்தாலும் எடுக்கலாம். எஸ்டி அட்டைத் துளை இருக்கிறது, 2 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட அட்டையைப் போட்டுவிட்டு "படிக்கவில்லை" என்று கருவியைக் குறை சொல்ல வேண்டாம்.


இரண்டுகம்பி எழுதியது:

பைத்தான் பக்கம். நம்வொர்க்ஸ் 2017-இல் பைத்தானோடு வந்தது, கணினியில் உலாவியிலிருந்தே புரோகிராம் அனுப்பலாம். கேசியோ சிஜி50-க்குப் பைத்தான் ஓஎஸ் புதுப்பிப்பில் வந்தது. யூஎஸ்பியில் செருகினால் சேமிப்பகம் பென் டிரைவ் போலத் திறக்கும், கோப்பை இழுத்துப் போட்டால் முடிந்தது. டிஐ-84 பிளஸ் சிஇ பைத்தான் மாடலில் முக்கிய சிப் இன்னும் இசட்80 வம்சம்தான், பைத்தானுக்குத் தனியாக ஓர் ஏஆர்எம் சிப் பக்கத்தில் இருக்கிறது.

புதியவனுக்கு என் சிபாரிசு: மொழி பழக வேண்டுமென்றால் சிஜி50. இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்று பழக வேண்டுமென்றால் 83 பிளஸ், அதில் அசெம்பிளியை யாரும் பூட்டவில்லை. பயன்படுத்திய சிஇ வாங்கினால் செகண்ட், மெம், அபௌட் போய் ஓஎஸ் எண்ணைப் பாருங்கள். அசெம்பிளி வேண்டுமானால் 2020-க்கு முந்தைய ஓஎஸ் உள்ளதை எடுங்கள். கடைக்காரர் "அப்டேட் செய்து தருகிறேன்" என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள், பொதுவாக அதிலிருந்து பழைய ஓஎஸ்ஸுக்குத் திரும்ப வழியில்லை.


புதியவன்_செலாயாங் எழுதியது:

நன்றி அண்ணா. 83 பிளஸே எடுக்கிறேன். பேட்டரி மாற்றும்போது புரோகிராம் போகாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?


இரண்டுகம்பி எழுதியது:

ரேம் 24 கிலோபைட், அது பேட்டரியை நம்பியிருக்கிறது. ஃபிளாஷில் உனக்குக் கிடைக்கும் இடம் சுமார் 160 கிலோபைட், அது எதையும் நம்பவில்லை. எழுதி முடித்ததும் செகண்ட், மெம், ஆர்க்கைவ் போட்டுப் புரோகிராம் பெயரைக் கொடு. பட்டியலில் பெயர் முன் நட்சத்திரக் குறி வந்தால் ஃபிளாஷில் இருக்கிறது. ஓட்டும் முன் அன்ஆர்க்கைவ் செய்ய வேண்டும். அசெம்பிளி எழுதிப் பழகும்போது ஒரு தவறு போதும், ரேம் முழுக்க அழியும், ஆகவே மூலப் பிரதி எப்போதும் ஆர்க்கைவிலும் கணினியிலும். கணினிக்கு டிஐயின் யூஎஸ்பி சில்வர்லிங்க் கேபிள், லினக்ஸ் என்றால் டில்ப் மென்பொருள்.

பேட்டரி மாற்றும்போது நான்கு ட்ரிபிள்-ஏவையும் பேக்கப் செல்லையும் ஒரே நேரத்தில் எடுக்காதே. முதலில் ட்ரிபிள்-ஏ மாற்றி, ஓடுகிறதென்று பார்த்தபின் காசு செல்.

இன்னொன்று. எப்போதாவது ஆர்க்கைவ் செய்யும்போது "கார்பேஜ் கலெக்ட்?" என்று கேட்கும். ஃபிளாஷில் ஒரு கோப்பை மட்டும் தனியாக அழிக்க முடியாது, 64 கிலோபைட் கட்டமாகத்தான் அழியும். நீ அழித்த பழைய பிரதிகள் "அழிந்தது" என்ற குறியோடு அங்கேயே கிடக்கும், இடம் தீர்ந்ததும் நல்லவற்றை வேறு கட்டத்துக்கு நகர்த்திவிட்டுக் கட்டத்தையே துடைக்கும். ஆமாம் என்று கொடு, முடியும்வரை பேட்டரியைத் தொடாதே. பேட்டரி குறைவு என்ற எச்சரிக்கை வந்திருந்தால் இல்லை என்று கொடுத்துவிட்டு, பேட்டரி மாற்றியபின் மறுபடி ஆர்க்கைவ் செய்.